முனீஸின் வெள்ளை லாட்

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் திருப்பூருக்கு வந்த முனீஸ், இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பனியன் கம்பெனிகளில் அயர்ன் டேபிள் முன்னால் நின்றார். போன தை மாதம்தான் ராயபுரத்தில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, மனைவி விஜயராணியோடு சொந்தமாக அயர்ன், பேக்கிங் வேலையைத் தொடங்கினார். வேலை கொடுத்தது வீரபாண்டியிலிருந்த ஒரே ஒரு கம்பெனி. அது கைவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஆடியில் கூரை சொட்ட ஆரம்பித்தது. நேர் மேலே மயிலாளின் வீட்டுக் குளியலறை. முனீஸ் மூன்று முறை படியேறினார்.

"யக்கா, ஒங்க பாத்ரூம் தண்ணி எங்க டேபிள்ல சொட்டுது. ஒரு பிளம்பர வரச் சொல்லுங்களேன்."

"ஏனுங்க, பத்து வருசமா இதே ஊட்டுலதான் குளிக்கறேன். அப்பல்லாம் ஒழுகாத தண்ணி நீங்க வந்தொடனே ஒழுகுமாங்க? உங்க தேய்ப்புப்பெட்டி ஆவிதான் மேல முட்டித் தண்ணியா விழுகுதாட்ட இருக்குதுங்க."

"ஆவியில சோப்பு வாசம் வருமாக்கா?"

"மூக்கு நல்லா வேலை செய்யுதுங்க உங்குளுக்கு" என்று கதவைச் சாத்திவிட்டார் மயிலாள்.

முனீஸ் வாளி வைத்துச் சமாளித்தார். பிறகு குழந்தைச் சட்டைகள் மொத்தமாக ஒரு லாட் வந்தது. முழுக்க வெள்ளை. வியாழன் மாலை வண்டி ஏற்ற வேண்டும். புதன் மதியம் மேலே துணி துவைத்தார்கள். அதுவரை ஒழுகாத இடத்தில் தண்ணீர் இறங்கி, மடித்து அடுக்கிய கட்டுகளின் மேல் விழுந்தது.

இந்த ஊரில் எது சிந்தினாலும் கை தானாகப் பனியன் வேஸ்டுக்குப் போகும். வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி அது. மூலையில் கிடந்த மூட்டையைப் பிரித்து, ஈரத்தைக் குடித்துவிடும் என்று கட்டுகளின் மேல் கனமாகப் பரப்பினார் முனீஸ். பிறகு இருவரும் மற்ற கட்டுகளை வாசலுக்குச் சுமந்தார்கள். திரும்பி வந்து வேஸ்டை எடுத்தால், அது சாயம் நிற்காத கருஞ்சிவப்புத் துணி; அவசரத்தில் நிறத்தைக் கவனித்திருக்கவில்லை. வெள்ளைச் சட்டைக் கட்டுகளில் பாதி ஆழத்துக்குச் சிவப்பு இறங்கியிருந்தது.

"வெறுந் தண்ணின்னா அலசிப் போட்டுருக்கலாமே" என்றாள் விஜயராணி. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மயிலாள், சட்டைகளைப் பார்த்து வாயில் கை வைத்தார். அன்றே பிளம்பரை அழைத்தார். கழிவுக் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. மறுநாள் அவரும் முனீஸோடு கம்பெனிக்குப் போனார்.

குவாலிட்டி பார்க்கும் சதீஷ்குமார் ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். "இது தண்ணிக் கறை இல்லீங்களே. சாயம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"என்ற சேலைச் சாயமுங்க" என்றார் மயிலாள் சட்டென்று. "சிவப்புச் சேலையை ஊற வெச்சிருந்தனுங்க. அந்தத் தண்ணிதானுங்க எறங்கிப்போச்சு."

முனீஸ் தலையாட்டினால் போதும், பழி மயிலாள் மேல் போய்விடும். ஆனால் முனீஸ் அந்தச் சட்டையைச் சதீஷ்குமாரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இல்ல சார். அக்கா வீட்டுல இருந்து வந்தது சோப்புத் தண்ணிதான். வேஸ்டப் போட்டது நான்."

"இத்தன வருச சர்வீஸ்ல, வேஸ்ட நனைச்சுச் சாயம் போகுதான்னு பாக்கோணும்னு தெரியலீங்களா?"

முனீஸ் சட்டையை மடித்து மேசை மேல் வைத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து லாட் வரவில்லை. வேறு எங்கு கேட்டாலும் விஷயம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஆவணி முடிவில் அவர் இடத்தைக் காலி செய்தார். மயிலாள் படியில் நின்றிருந்தார்.

"இன்னொரு மாசம் பாக்கலாமேங்க?"

"பாத்தாச்சுக்கா" என்றார் முனீஸ். குனிந்து டேபிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை விஜயராணி பிடிப்பதற்காகக் காத்திருந்தார்.