இருபத்துநாலு மணி நேரக் கேன்

என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். இருபது வருடமாக அதே வேலை. எங்கேயாவது குழாய் சொட்டினால் அடுத்த தெருவிலிருந்தே அவருக்குக் கேட்டுவிடும். ஒரு சொட்டுகூடக் கணக்கில் வராமல் போகக்கூடாது. நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நிற்பார். நிற்பதோடு சரி, கழுவ மாட்டார்.

எங்கள் சின்னவளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. பெரியவளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது இரண்டும் எலியும் பூனையும்தான்.

"என் ரத்தத்தை வெச்சுக்கிட்டு என்கிட்டயே வாய் காட்டுறியா?" என்பாள் பெரியவள்.

"சொல்லிக் காட்டாதே. வேணும்னா திருப்பி எடுத்துக்கோ" என்பாள் சின்னவள்.

இந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அலுக்கவே அலுக்காது.

அந்தச் சமயத்தில் கொடுத்த கடுமையான மருந்துகளால் சிறுநீரகத்துக்குப் பாதிப்பு வரலாம், அது பல வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். சில சமயம் ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்த்து, அதில் எவ்வளவு புரதம் போகிறது என்றும் பார்ப்பார்கள். முன்பெல்லாம் அதை ஆஸ்பத்திரியில் வைத்து நர்ஸே செய்துவிடுவாள். இந்த முறை கேனைக் கொடுத்து, வீட்டிலேயே சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. எப்படிச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கூடக் கொடுத்த சீட்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அளக்கிறவருக்கே அளக்கச் சொல்லித் தருவதா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே குவளையோடு குளியலறை வாசலில் காவல் நின்றார். கேன் ஃப்ரிட்ஜுக்குள் போனது.

"பாலுக்குப் பக்கத்திலயாங்க?" என்றேன்.

"மூடி இறுக்கமா இருக்கு. நீ பாலைத் தள்ளி வை."

மதியம் என் தங்கை வீட்டுக்குப் போனபோது கேனும் ஐஸ் பெட்டியில் ஏறி எங்களோடு வந்தது. ஐஸ்கிரீம் என்று நினைத்து அதைத் திறந்த தங்கை புருஷன் இன்றுவரை எங்கள் வீட்டுப் பெட்டி எதையும் தொடுவதில்லை.

முடிவைப் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. "புரதம் எல்லையைத் தாண்டியிருக்கு. இன்னொரு தடவை சேர்த்துக் கொண்டு வாங்க. மறுபடியும் இப்படியே வந்தா, சிறுநீரகத்திலேர்ந்து ஊசியால துளி சதை எடுத்துப் பாக்கணும்."

போதும் போதும் என்று குத்தி எடுத்த உடம்பு அவளுடையது. மறுபடியும் முதலிலிருந்தா என்று அவளை இழுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

புதுக் கேனை எடுத்துக் கொடுத்த நர்ஸ், "காலையில எழுந்ததும் போறதை மட்டும் கீழ ஊத்திடுங்க. அங்கேர்ந்துதான் மணிக் கணக்கு" என்றாள்.

"அதை ஏம்மா வீணாக்கணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"போன தடவை என்ன சார் பண்ணீங்க?"

"ஒரு சொட்டு விடல. இருபது வருஷமா தண்ணி மீட்டர் பாக்கறவன்மா நான்" என்றார் பெருமையாக.

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது முந்தின ராத்திரி பூரா சேர்ந்தது சார். போன மாசம் ஓடின தண்ணியை இந்த மாச பில்லுல சேர்த்துப் போடுவீங்களா?"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் ஆனை அங்கேயே குப்புற விழுந்தது. மெதுவாகச் சின்னவள் பக்கம் திரும்பினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ அதனாலதான் கூடிப்போச்சா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்மா. திரும்பச் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்த 'இருக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அந்த வாரத்தை ஓட்டினோம்.

அடுத்த ஞாயிறு காலையில் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். ஊற்ற மனம் வரவில்லை. "குடுங்கப்பா" என்று சின்னவள் பிடுங்கி ஊற்றிவிட்டுத் தண்ணீரையும் திறந்து விட்டாள். அதன்பிறகு மறுநாள் ஆறு மணி வரை அவர் வாலைச் சுருட்டிக்கொண்டு சீட்டில் எழுதியிருந்தபடியே செய்தார்.

முடிவு வந்த அன்று நான் டாக்டரம்மாவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைப் புரட்டினார். "எல்லைக்குள்ள வந்திருச்சு. ரத்த அழுத்தமும் நல்லா இருக்கு. ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

சின்னவளுக்கு அது பற்றவில்லை. "இன்னும் எத்தனை வருஷம் டாக்டர் இப்படி வரணும்?"

"வந்துக்கிட்டேதான் இருக்கணும். காலேஜ் போனாலும், வேலைக்குப் போனாலும், உனக்கே குழந்தை பிறந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரகத்தைப் பார்த்தே ஆகணும்."

அவள் "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்று வருடமாக எத்தனையோ டாக்டர்கள் எங்களோடு பேசியிருக்கிறார்கள். இந்த வாரம், அடுத்த வாரம் என்றுதான் பேசினார்கள். அவள் காலேஜைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, அடக்கவும் தோன்றவில்லை.

"வருவா டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "கண்டிப்பா வருவா."