சாம்சன் படகிலிருந்த பெட்டி

பழவேற்காட்டுக் குப்பத்தில் சோபியாவைப் 'பெட்டிக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் கரைக்குச் சேதி அனுப்பும் பெட்டி ஒவ்வொரு படகிலும் இருந்தது; அதற்குள் ஓடும் 'சி' கணினிமொழி நிரலை எழுதியவள் அவள். மீன் விழும் இடம் பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடும் என்று படகுக்காரர்கள் முரண்டு பிடித்ததால், சேதியைப் பூட்டும் குறியாக்க நிரல்தொகுப்பு ஒன்றைச் சேர்த்துப் படகு நிற்கும் இடத்தைப் பூட்டியே அனுப்ப வைத்தாள். படகின் எண் மட்டும் வெளியே தெரியும்.

அன்றைக்கு மத்தியானமே காற்று முறுக்கிக்கொண்டது. எல்லாப் படகும் திரும்பின, அவள் தம்பி சாம்சனுடையதைத் தவிர. கணினித் திரையில் அவன் படகின் எண் வந்தது. பக்கத்திலேயே, சேதி செல்லாது, தள்ளப்பட்டது என்றும் வந்தது. மறுபடியும் அதுவே வந்தது.

அதுவரை கடலில் எவரும் பொத்தானை அழுத்த நேர்ந்ததில்லை. வீட்டு மேசையில் ஒழுங்காக ஓடிய பெட்டி கடலில் ஏன் உளற வேண்டும்? படகில் அதை என்ன செய்வீர்கள் என்று அப்பா தேவதாஸிடம் சோபியா கேட்டாள். முகத்துவாரத்துக்கு முன்னால் எஞ்சின், போன், பெட்டி எல்லாவற்றையும் அணைத்து ஜெபம் பண்ணுவோம், ஆமென் சொன்ன கையோடு போட்டுவிடுவோம், வழக்கம்தானே என்றார் அவர்.

அவளுக்கு விளங்கிவிட்டது. குறியாக்கத்துக்கான கட்டமைப்புக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கியவள், அதைத் துடைத்துத் துவக்கும் வரியை எழுதவேயில்லை. மேசையில் வெகுநேரம் அணைந்து கிடந்து எழும் பெட்டியில் அந்த இடம் தற்செயலாகக் காலியாக இருந்தது. அந்த வரி இல்லாமலே ஓடுகிறதே என்று விட்டுவிட்டாள். திமிர், வேறென்ன? அணைத்தவுடன் போட்டால் பழைய குப்பை நினைவகத்தில் அப்படியே தங்கும். கூட்டாத வீட்டில் பாய் விரித்த மாதிரி, அந்தக் குப்பையின் மேலேயே பூட்டு விழுந்திருக்கிறது. அதற்கு இனி எவரிடமும் சாவி இல்லை.

பெட்டியை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் போடு என்று அவனிடம் சொன்னால் போதும். போன் எட்டாத தூரத்தில் இருந்தான்.

விட்டுப்போன வரியை எழுதினாள். எழுதி என்ன பயன், பெட்டி கடலிலல்லவா இருக்கிறது.

"இன்னாம்மா சொல்றான்?" என்றார் தேவதாஸ்.

"கூப்பிடுறான் நைனா. எங்கேர்ந்துன்னுதான் தெரியல."

அவர் ஆட்களைத் திரட்ட ஓடினார். எந்தப் பக்கம் படகை விடுவது என்று அவர்கள் கரையில் நின்று சண்டை போட்டார்கள். திரையில் சாம்சனின் எண் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா தன் சேதியைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பி அவன் அழுத்திக்கொண்டே இருந்தான்.