சக்கரத்தில் கட்டிய திருஷ்டிக் கயிறு

என் புதுக் காரின் பிரேக்கைக் கெடுத்தது ஊர்க்கண் இல்லை. ஊர்க்கண் படக்கூடாது என்று நானே கட்டிய கறுப்புக் கயிறு.

பூஜை முடிந்ததும் முன்சக்கரத்தின் பின்னால் வாகாக ஓர் ஒயர் தெரிந்தது. அதில் கட்டினேன். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டதில்லை. வேங்கிக்கால் தாண்டுவதற்குள், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மங்களகரமான நிறம்தானே என்று விட்டுவிட்டேன்.

மாலையில் மழை. அடி அண்ணாமலை அருகே மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் வழுக்கியது. "ஏங்க, மாடுங்க!" என்று மனைவி அலற, ஒரு முழம் முன்னால் நின்றோம். மாடு அசைபோடுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் மனைவியும் நானும் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் காதர் பாய் ஸ்கேனரை மாட்டினார்.

"இடது முன்சக்கர சென்சார்லேர்ந்து சிக்னலே வரலை சார்" என்றவர், காரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் கட்டிய கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சென்சார் ஒயரைப் பிடுங்கியிருந்தது. "சென்சார் நல்லாத்தான் கீது. உங்க பக்திதான் கொஞ்சம் ஜாஸ்தி."

ஒயரைச் சொருகி ஒரு சுற்று ஓட்டியதும் விளக்கு அணைந்தது. மூவரும் டீ குடித்துக் கொண்டாடினோம்.

இப்போது கயிற்றை பம்பரில் கட்டுகிறேன். எந்த விளக்கு எரிந்தாலும் அன்றே பட்டறைக்குப் போகிறேன்.

மனைவி மட்டும் சொன்னாள்: "அந்தக் கயித்த உங்க கையில கட்டியிருந்தா, காராவது தப்பிச்சிருக்கும்."