டோக்கன் வாங்காமல் அருவிக்குப் போனேன்

கணவர் இறந்தபின் ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அய்யனார் கோவில் அருவிக்குப் போனேன்.

அருவியில் கூட்டம் நெரியாமலிருக்க, கேட்டில் ஆளுக்கொரு டோக்கன் தந்துதான் விடுவார்கள். திரும்பி வருபவரிடம் அதை வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

"எத்தனை பேரு?" என்று காவலர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒத்தை ஆள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய குடும்பத்தோடு பேசிக்கொண்டே, டோக்கன் வாங்காமல் உள்ளே போய்விட்டேன்.

குளித்துவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை மறைவில் ஈரச்சேலையை மாற்றிக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. கட்டி முடித்து வெளியே வந்தால், எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டிருந்தார்கள்; அருவியில் ஒருவரும் இல்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறி, நான் தாண்டி வந்த கற்களை மூடியிருந்தது. கத்தினேன். இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

கீழே டோக்கன் எல்லாம் திரும்பிவிட்டதால் கேட்டைச் சாத்தப் போனார்களாம். அந்தக் குடும்பத்துப் பெண்தான், "எங்ககூட வந்த அக்காவக் காணோமே, அவிய இன்னும் வரலையே" என்றிருக்கிறாள். கயிற்றோடு வந்து மீட்டார்கள்.

"டோக்கன் வாங்கியிருந்தா நாங்களே தேடியிருப்போம்லக்கா?" என்றார் காவலர்.

இப்போதும் போகிறேன். "ஒரு ஆளு" என்று சத்தமாகச் சொல்லி டோக்கன் வாங்குகிறேன். நான் இறங்கி வரும்வரை, ஒரு டோக்கன் குறைகிறதே என்று பார்க்க அங்கே ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அப்படி யாரும் இல்லை.