நெற்றி படும் இடத்தில் நட்சத்திரம்

“ஜாலி மொத்தத்தையும் பூசி அடைச்சிரு முருகேசு” என்றார் கமிட்டித் தலைவர் காதர் பாய். பள்ளிவாசல் திறப்புவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் அருப்புக்கோட்டையில் சிமெண்ட் ஜாலி, அதாவது காற்றும் வெளிச்சமும் வரச் சுவரில் பதிக்கும் ஓட்டை வேலைப்பாட்டுப் பலகை, வார்ப்பவன். மாடி வீடுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் எவ்வளவோ வார்த்திருக்கிறேன். ஆனால் நரிக்குடிப் பக்கம் கட்டிய இந்தப் புதிய பள்ளிவாசலுக்கு வார்த்ததைத்தான் என் வேலையிலேயே நல்ல வேலை என்பேன். டிசைன் பர்வீன் மேடத்துடையது. மதுரை ஆர்க்கிடெக்ட், பள்ளிவாசல் அவருக்கு இதுதான் முதல். பச்சை பெயிண்ட், பளபள டைல்ஸ் எதுவும் வேண்டாமென்று கமிட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். வெள்ளைச் சுவர், அதில் எட்டுமுனை நட்சத்திர ஜாலி, அவ்வளவுதான். அதை அடைத்துவிட்டால் கட்டடம் பருத்தி குடோன் மாதிரி நிற்கும்.

எங்கள் வறண்ட பூமியில் ஜாலி என்றாலே மேற்குச் சுவர்தான். மேல்காற்று வரும் திசை. நான் சொன்னேன், மேடம் சரி என்றார், கமிட்டியும் தலையாட்டியது. தொழுகிறவர்கள் பார்த்து நிற்பதும் அதே மேற்குதான். தெரிந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளோட்டமாக ஒருநாள் அஸர் தொழுதார்கள். சாயங்கால வெயில் ஜாலி வழியே இறங்கி, ஸஜ்தாவில் நெற்றி வைக்கும் இடமெல்லாம் நட்சத்திரமாகக் கிடந்தது. வாசலில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. காதர் பாய் சிரிக்காமல் வெளியே வந்தார்.

“அழகு கொறச்சல்னு சொல்லல. கூடிப்போச்சு. நெத்தி வைக்கிற எடத்துல நட்சத்திரம் கெடந்தா, மனசு எப்படிப்பா ஓதுறதுல நிக்கும்?” பூசி அடைக்கச் சொன்னது அப்போதுதான்.

மேடம் வாதாடவில்லை. “அவுக சொல்றது சரிதான்ணே” என்றார். கண் கலங்கியிருந்தது. தெற்குப் பக்கம், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுத் தொட்டியருகே போய் உட்கார்ந்தார். அங்கே மேற்கில் ஒரு மொட்டைச் சுவர். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, ஜாலிய ஒடயாமக் கழட்ட முடியுமா?”

“கழட்டிரலாம் மேடம். ரெண்டு மூணு விரியும். அத வார்த்துத் தாரேன்.”

காதர் பாயிடம் அவரே போய்ப் பேசினார். “மாமா, உள்ள வெறுஞ்சுவராவே இருக்கட்டும். ஜாலிய இங்கன மாத்திக்கிருவோமா? காத்தும் தண்ணி மேல பட்டுக் குளுந்து உள்ள வரும்.”

பாய் சுவரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். “சரிம்மா. தொறப்புக்குள்ள முடிச்சிருங்க.”

கிரைண்டரால் ஜாயிண்ட் ஜாயிண்டாக அறுத்து இறக்கி, அந்த இடத்தைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டு, ஒளுத் தொட்டிப் பக்கத்து மொட்டைச் சுவரைத் திறந்து ஏற்றினோம்.

திறப்பன்று அஸருக்கு முன்னால் போனேன். உள்ளே வெள்ளைச் சுவர் அமைதியாக இருந்தது. தொட்டிப் பக்கம் வெயில் ஜாலியில் நுழைந்து, தண்ணீரில் பட்டுத் தெறித்து, கூரையெல்லாம் நட்சத்திரம் அசைந்துகொண்டிருந்தது. நான் வார்த்தது வெறும் சிமெண்ட். அதை அசையவைத்தது அந்தப் பெண்ணின் மூளை. காதர் பாய் ஒரு காலைக் கழுவிவிட்டு, மறுகாலை மறந்து அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்.

“ஒளு எடுக்க இம்புட்டு நேரமா பாய்?” என்றேன்.

“இங்கனயே பாத்து முடிச்சிர்றேன்ப்பா. உள்ள போனா கண்ணு கீழதான் இருக்கணும்.”

இப்போதெல்லாம் ஜாலி கேட்டு யார் வந்தாலும் டிசைன் ஆல்பத்தை உடனே எடுப்பதில்லை. அந்த இடத்தில் நிற்கிறவர் எங்கே பார்ப்பார் என்று கேட்ட பிறகுதான் எடுக்கிறேன்.