பென்குயின்களும் கடற்கரை வண்டியும்

ஓய்வு பெற்றாயிற்று, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாம்பரம் வீட்டில் நானும் டிவியும்தான். ஒருநாள் பென்குயின்களைப் பற்றிய ஆவணப்படம் ஓடியது. தமிழில் குரல் கொடுத்தவர் ஒரேயடியாக உருகினார். பின்னணியில் வயலின் வேறு. சும்மா காட்டித் தொலைத்தால் என்ன என்று எரிச்சலாக வந்தது.

பனிக்காற்றில் ஆண் பென்குயின்கள் முட்டையைக் காலில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றன. ஓரத்தில் விறைத்தது மெல்ல நடுவுக்கு நகர்ந்தது. நடுவில் சூடேறியது ஓரத்துக்கு வந்தது. இதில் என்ன அதிசயம்? வேலைக்குப் போன காலமெல்லாம் தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயிலில் நாங்களும் இதைத்தான் செய்தோம். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்கு நகர்ந்து கொடுப்போம்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் அதே வண்டியில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. பல்லாவரத்தில் கூட்டம் அப்பியது. யாரோ ஒருவரின் முழங்கை என் விலாவில் இடித்தது. நன்றாக இருந்தது.

தோளில் பையோடு நின்றிருந்தவர் குனிந்து கேட்டார்: "சார், எங்க எறங்குவீங்க?"

சீட்டுக்கு இப்படி முன்கூட்டியே சொல்லி வைப்பது வழக்கம். நானும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இறங்க எனக்குத்தான் ஓர் இடமும் இல்லை. வாய்க்கு வந்தபடி, "கிண்டி" என்றேன்.

சொல்லிவிட்டதால் கிண்டியில் எழுந்தேன். "தேங்க்ஸ் சார்" என்று அவர் உட்கார்ந்தார். நான் இருந்த இடம் உடனே மூடிக்கொண்டது.

திரும்பி வந்த வண்டியில் நீள சீட் முழுக்க நான் மட்டும்தான். எங்கே இறங்குவீர்கள் என்று கேட்க ஆளில்லை.