ஹட்டோவிலிருந்து தெரியும் திருச்சி

இன்று காலை உறையூரிலும் தில்லைநகரிலும் குடிநீர் வராது என்பது எனக்குத் தெரியும். நீரேற்று நிலையத்தில் ஏதோ பராமரிப்பு வேலையாம். ஆனால் போர்ட் பிளேரின் ஹட்டோ பகுதியில் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோனது தெரியவில்லை. கோடையில் இங்கே மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் திறப்பார்கள். டிரம்மைக் குழாயடிக்கு நகர்த்த வேண்டிய நேரத்தில் நான் வாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் திருச்சிச் செய்தி படித்துக்கொண்டிருந்தேன். "பானி வந்துட்டுப் போயிடுச்சு" என்றாள் என் மனைவி ஜெயா. "உறையூருக்குத் தண்ணி வரலேன்னா அந்த ஊர்க்காரங்க பாத்துக்குவாங்க. நம்ம டிரம்மு காலி." அவள் குரலில் கோபம் இல்லை. இருபத்தைந்து வருடம் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன குரல் அது.

ஜெயா இந்தத் தீவில் பிறந்தவள். அவள் அப்பா ராமநாதபுரத்திலிருந்து துறைமுகக் கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவளுக்குச் சென்னை, திருச்சி, கல்கத்தா எல்லாம் ஒன்றுதான். மூன்றுக்கும் சேர்த்து அவளிடம் ஒரே பெயர் இருக்கிறது, மெயின்லேண்டு. நான் அப்படி இல்லை. இருபத்தேழு வருடங்களுக்கு முன், இரண்டு வருட ஒப்பந்தத்தில் டீசல் மின் நிலையத்துக்கு ஃபிட்டராக வந்தேன். ஒப்பந்தம் நிரந்தர வேலையானது, திருமணம் ஆனது, மகள் பிறந்தாள், அவளும் இப்போது என்னிடம் பாதி இந்தியில்தான் பேசுகிறாள். அந்த நாட்களில் தமிழ்ப் பத்திரிகை கப்பலில் வரும். நான்கு நாள், ஐந்து நாள் பழசாக இருக்கும். அபர்தீன் பஜாரில் ஒரு கடையில் கட்டுப் பிரிக்கும்போதே போய் நிற்பேன். திருச்சிப் பக்கத்தை முதலில் எடுப்பேன். இப்போது எல்லாம் உடனுக்குடன் கைக்கு வந்துவிடுகிறது. முக்கொம்பில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள், காந்தி மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை, எந்தத் தியேட்டரை இடித்தார்கள் என்று ஒன்று விடாமல் தெரிந்துகொள்கிறேன். ஸ்ரீரங்கத்துச் சொர்க்கவாசல் திறப்பைக்கூட ஜெனரேட்டர் அறைக்குள் நின்று பார்ப்பேன். காதில் இரைச்சல் தடுக்கும் மூடி இருப்பதால் நாதஸ்வரம் கேட்காது. படம் மட்டும் ஓடும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பாசம் என்று தோன்றலாம். என்னைப் போல வெளியே கிடப்பவர்களுக்குத் தெரியும், இது ஒரு அலுப்பான வேலை. யாரும் நம்மிடம் ஒப்படைக்காத வேலை, ஆனால் ஒரு நாள் விட்டாலும் எதையோ தவறவிட்ட மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் பிஸ்வாஸ் தாதா, எந்நேரமும் நான் திருச்சிச் செய்தியில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து, எனக்கு அங்கே நிலத் தகராறு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். "கேஸ் கித்னா சால் சே சல் ரஹா ஹை?" என்று ஒரு நாள் அக்கறையோடு கேட்டார். வழக்கு எத்தனை வருடமாக நடக்கிறதாம். கேஸும் இல்லை, ஜமீன் என்று சொல்ல ஒரு துண்டு நிலமும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தன் சித்தப்பாவின் வழக்கு பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஜெயித்த கதையைச் சொல்லி எனக்குத் தைரியம் கொடுத்தார்.

அவர் சொன்னதிலும் ஒரு உண்மை இருந்தது. தகராறு ஒன்று இருக்கத்தான் செய்தது. அது நிலத்துக்காக இல்லை. எனக்கு ஓர் அண்ணன். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மத்தியப் பேருந்து நிலையத்துக்கு ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு முடியவில்லை என்று அவரிடமிருந்து போன் வந்தபோது இங்கே புயல் சின்னம். கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வாசலில் நின்ற என்னை அண்ணன் பார்த்தார். உள்ளே திரும்பி, "விருந்தாளி வந்திருக்காரு. சாப்பாடு போட்டு அனுப்பு" என்று அண்ணியிடம் சொன்னார். நான் சாப்பிடாமல் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஊரை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், ஊருக்கு வெளியே கட்டிய புதிய பேருந்து முனையத்தைப் பற்றிப் பயணிகளிடம் கருத்துக் கேட்கும் ஒரு வீடியோ வந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் தெரிந்தது குரல்தான். நிறுத்தங்களைக் கூவிக் கூவித் தடித்துப்போன குரல். "பெருசா நல்லாத்தான் கட்டியிருக்காங்க தம்பி. எந்த பஸ்சு எங்க நிக்குதுன்னுதான் எனக்குத் தெரியல" என்றது. நிருபர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். இருபது விநாடிகூட இருக்காது. அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன். அவர் நிருபரைப் பார்த்துப் பேசவில்லை. நிருபருக்குச் சற்று இடப்பக்கமாக, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசினார். தூரத்தில் வரும் பஸ்ஸின் நிறத்தை வைத்தே முதலாளி பெயரைச் சொல்லக்கூடிய மனிதர் அவர்.

என்னிடம் இருந்த பழைய எண்ணை அழைத்தேன். அண்ணி எடுத்தார். சேகர் பேசுகிறேன் என்று சொல்லி நேராகவே கேட்டேன்.

"அண்ணனுக்குக் கண்ணுக்கு என்ன அண்ணி?"

"சர்க்கரை. வலது கண்ணு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இடது கண்ணுல நிழலாட்டம் தெரியுது."

"யாருமே எனக்குச் சொல்லலியே."

"நீங்களும் கேக்கலியே தம்பி."

இடிக்கப்பட்ட தியேட்டர் வாசலில் கடைசி நாள் எத்தனை பேர் கூடினார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக என் அண்ணன் சுவரைப் பிடித்து நடப்பது தெரியாது.

லீவு போட்டுக் கிளம்பினேன். சென்னை வரை விமானம், அங்கிருந்து பஸ். வீடியோவில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகியிருந்த அதே முனையத்தில் காலையில் இறங்கினேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரையும் கேட்காமல் நடந்தேன். அதில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அண்ணன் வீடு இருக்கும் பாலக்கரைக்கு ஆட்டோவில் ஏறியதும், "மெயின்லேண்டுல இவ்வளவு வெயிலா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார். "மெயின்லேண்டா? அந்தப் பேர்ல இங்க ஓட்டல் எதுவும் இல்லையே சார். பாலக்கரைன்னுதானே சொன்னீங்க?" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

அண்ணன் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நான் வந்திருப்பதாக அண்ணி சொன்னார். அவர் தலையைத் திருப்பவில்லை. "கப்பல் கெடச்சுதா?" என்றார். அது குத்தலா விசாரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. "பிளைட்ல வந்தேண்ணே" என்றேன். "உக்காரு" என்றார்.

பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. "புது பஸ் ஸ்டாண்டுலதானே எறங்கின? எப்படிடா இருக்கு? நானும் போய்ப் பாத்தேன். வெளிச்சமும் நிழலுமாத்தான் தெரிஞ்சுது. வீட்டுல கேட்டா பெருசா இருக்குங்கறாங்க. பெருசுன்னா எப்படி?" நான் சொல்ல ஆரம்பித்தேன். பஸ்கள் எங்கே நுழைகின்றன, எங்கே திரும்புகின்றன, டவுன் பஸ்கள் எந்தப் பக்கம், மேலே போகும் படிகள் எங்கே. அன்று கண்ணால் பார்த்ததைவிட வீடியோவில் பார்த்ததுதான் அதிகம் வந்தது. அங்கிருந்து பேச்சு ஊருக்குள் போனது. மரக்கடைப் பக்கம் என்னென்ன மாறிவிட்டது என்று நான் அடுக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "அந்த முக்குல இப்பவும் கருவாட்டு வாசம் அடிக்கும். அது உன் போன்ல வராது." ஊரை அவர் மூக்காலும் காதாலும் வைத்திருந்தார். நான் படமாக வைத்திருந்தேன். அவரைக் கண் மருத்துவமனைக்கு இரண்டு தடவை கூட்டிப்போனேன். இருப்பது போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது வராது என்றார்கள். கிளம்பும் நாள் காலையில், நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"கடைசி மூணு நாளும் அம்மா உன் பேரத்தான் சொல்லிக் கேட்டுச்சு. நான் தினம் ஒரு பொய் சொன்னேன். இன்னிக்கு வந்துருவான், நாளைக்கு வந்துருவான்னு. அந்தக் கோவம்டா எனக்கு."

"தெரியும்ணே."

"புயல நீ கொண்டாரலன்னு எனக்கும் தெரியும்."

எனக்கு அழுகை வரவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கை தடவிவந்து என் தோளில் நின்றது.

இப்போது காலை ஆறு மணிக்கு அவரை அழைக்கிறேன். இங்கே அப்போது நன்றாக விடிந்து வெயில் ஏறியிருக்கும். பாலக்கரையில் அப்போதுதான் விடியும். திருச்சிச் செய்திகளைத் திருச்சியில் இருப்பவருக்கு இங்கிருந்து படித்துச் சொல்கிறேன். எல்லாம் நல்லபடியாக ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் அவருக்குக் கேட்கப் பிடிக்காது, "போதும்டா" என்று வைத்துவிடுவார். சில நாள் இரவுப் பணி முடிந்து வந்த எனக்கு வாயே திறக்காது. இடது கண்ணின் நிழலும் குறைந்துகொண்டு வருவதாக அண்ணி சொல்கிறார்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதியது. "அது என்ன சத்தம்?" என்றார். கப்பல் என்றேன். "எங்க போறது?" "ஹேவ்லாக் தீவுப் பக்கம் போகும்ணே." "நேராவா? நடுவுல எங்கெங்க நிக்கும்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபத்தேழு வருடமாகக் காதில் விழும் சத்தம். ஜெயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மாவு பிசைந்தபடியே, "நீல், ஹேவ்லாக், லாங் ஐலண்டு, ரங்கத்" என்றாள். "இதுகூடத் தெரியாதா, மாமாகிட்ட நானே சொல்றேன்" என்று மாவுக் கையோடு வந்து போனுக்கு நேராக இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பன்னிரண்டு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் அந்தப் பெயர்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "நீலு, ஹேவ்லாக்கு, லாங் ஐலண்டு, ரங்கத்து... ஏறுறவங்கல்லாம் ஏறு!" என்று பழைய குரலில் எடுத்தார். ஜெயா சிரித்தாள். நான் போனைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்குப் போனேன். வெள்ளைக் கப்பல் துறைமுக வாயைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. பாலக்கரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணன் அதற்கு நிறுத்தங்களைக் கூவிக்கொண்டிருந்தார்.